குரங்குக்குப் பழம் கொடுக்கலாமா?



குடும்ப நலம் என்றதும் அளவான குடும்பம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்குச் சத்துணவு என்றுதான் நினைப்போம். அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வீட்டு வாசலில் நாம் தினமும் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களிலும் குடும்ப நலம் அடங்கியிருக்கிறது. அப்படி ஒரு காரியத்தை இந்த ஏட்டில் பார்ப்போம்.

கூரை மேலும் மதில் மேலும் வந்து உட்காரும் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம். தோட்டத்தின் ஓரம் வந்து போகும் நரிக்கும் மரநாய்க்கும் மீந்த சோற்றைக் கொட்டுகிறோம். "பாவம், வாயில்லா ஜீவன். ஒரு பழம் குடுத்தா நமக்கு என்ன கொறஞ்சுடப் போவுது?" என்று கேட்கிறோம். கேட்பவர் மனம் நல்ல மனம். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு பழத்தால் நம் வீட்டுக் குழந்தைக்கு என்ன வரும், அந்தக் குரங்குக்கு என்ன வரும் என்று கணவனும் மனைவியும் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

1. பயம்தான் வேலி

காட்டில் வாழும் எந்த விலங்குக்கும் மனிதனைக் கண்டால் பயம் உண்டு. ஆளைப் பார்த்தால் விலகிப் போகும். இந்தப் பயம்தான் நமக்கும் அதற்கும் நடுவில் உள்ள வேலி. முள்வேலியைவிட, மின்வேலியைவிட நல்ல வேலி. காசு செலவில்லாத வேலி.

நாம் கையில் பழத்தை நீட்டும்போது அந்த வேலியை நாமே பிடுங்கிப் போடுகிறோம். முதல் நாள் குரங்கு தயங்கித் தயங்கி வாங்கும். பத்தாம் நாள் வாசலில் காத்திருக்கும். ஒரு மாதம் போனால் கேட்காமலே எடுக்கும். கொடுக்காத அன்று பிடுங்கும். பிடுங்க விடாதவரைக் கடிக்கும். அது குரங்கின் குற்றமில்லை. "மனிதன் என்றால் தீனி" என்று நாம் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அது படித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழம் கொடுப்பவர் பெரியவர். கடி வாங்குவதோ பெரும்பாலும் குழந்தை. முறுக்கும் பிஸ்கட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது அதுதானே! குழந்தையின் முகமும் குரங்கின் பல்லும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. குரங்கு பல்லைக் காட்டினால் "சிரிக்குது பாரு" என்று குழந்தை கிட்டே போகும். அது சிரிப்பல்ல, பயத்தாலோ கோபத்தாலோ காட்டும் அடையாளம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதையும் குரங்கு சண்டைக்கு அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

2. நடந்த கதைகள்

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நம் நாட்டில் நடந்தவற்றையே சொல்கிறோம்.

டெல்லி நகரில் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அனுமாரை நினைத்துக் குரங்குகளுக்குப் பழமும் கடலையும் போடும் வழக்கம் உண்டு. குரங்குகள் பெருகின. வீட்டுக்குள்ளும் அரசு அலுவலகங்களுக்குள்ளும் புகுந்தன. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அந்த நகரின் துணை மேயர் எஸ்.எஸ். பஜ்வா தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது கீழே விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டில், குரங்குகளைப் பிடித்து நகரின் ஓரத்தில் உள்ள அசோலா சரணாலயத்தில் விடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல குரங்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனாலும் நகரத்தில் குரங்குத் தொல்லை தீர்ந்தபாடில்லை. தீனி இருக்கும் இடத்தைத் தேடித்தானே விலங்கு வரும்?

இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு வேடிக்கை. பயிரையும் வீட்டையும் சூறையாடும் குரங்குகள் பெருகிவிட்டதால், 2006-07 முதல் அரசாங்கமே குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்யத் தொடங்கியது. காடு குறைந்தது ஒரு காரணம். மனிதர் போடும் தீனியும் குப்பையும் இன்னொரு காரணம். உழைக்காமல் வயிறு நிரம்பினால் குட்டிகள் அதிகம் பிறக்கும், பிறந்தவை அதிகம் பிழைக்கும். நமக்குச் சொல்லும் குடும்பக் கட்டுப்பாட்டைக் குரங்குக்கும் செய்யவேண்டிய நிலையை நாமே வரவழைத்துக்கொண்டோம்!

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். நீலகிரி மாவட்டம் மசினகுடிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம் என்று ஓர் ஊர். அங்கே சுற்றிவந்த காட்டு யானைக்கு மக்கள் ரிவால்டோ என்று பெயர் வைத்தார்கள். துதிக்கையில் அடிபட்ட யானை. இரக்கப்பட்டுப் பழம் கொடுத்தார்கள். நாளடைவில் யானை ஊரை விட்டுப் போகவில்லை. கடைசியில் 2021 மே மாதம் வனத்துறையினர் பழத்தைக் காட்டியே அதை மரக்கூண்டுக்குள் நடத்திச் சென்றார்கள். ஆகஸ்டு மாதம் முதுமலைக் காட்டுக்குள் வெகு தூரம் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளில் நடந்தே வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது! பழக்கிய பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடுகிறது, பாருங்கள்.

அதே 2021-இல், ஜனவரி மாதம், மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த வேறொரு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகிய அந்த யானை ஜனவரி 19 அன்று செத்துப்போனது. ஊருக்குள் பழகிப்போன விலங்குக்கு இரண்டு விதமான மனிதர்களும் எதிர்ப்படுவார்கள். ஒருவர் கையில் பழம் இருக்கும், ஒருவர் கையில் நெருப்பு இருக்கும். எந்தக் கையில் எது என்று பாவம் அதற்கு எப்படித் தெரியும்?

"நம்ம மணக்குள விநாயகர் கோயில் லட்சுமிக்கு நாம எல்லாரும் பழம் குடுக்கலையா?" என்று சிலர் கேட்பீர்கள். 2022 நவம்பர் 30 அன்று லட்சுமி இறந்தபோது புதுச்சேரி நகரமே தெருவில் திரண்டு அழுதது. அந்த அன்பு பெரிது. ஆனால் லட்சுமி மனிதரோடு வளர்ந்த யானை. பக்கத்தில் எப்போதும் பாகன் இருந்தார். காட்டு விலங்குக்குப் பாகன் இல்லை.

3. "நம்ம ஊர்ல யானை ஏது?"

சரிதான். பாகூரிலும் வில்லியனூரிலும் நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் காட்டு யானை வராது. ஆனால் குரங்கு, நரி, கீரி, மரநாய், வவ்வால், மயில் இவற்றில் சிலவாவது கிராமத்துக்குக் கிராமம் உண்டு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறோம். போகும் வழியில் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் குரங்குக் கூட்டம் இருக்கிறது. பிள்ளை கையில் பழத்தைக் கொடுத்து "குரங்குக்குக் குடு" என்று முன்னால் தள்ளிவிடுவது நாம்தான்.

வாசலில் தீனி கொட்டினால் குரங்கு மட்டும் வராது. தெரு நாயும் வரும். இரண்டும் அடித்துக்கொள்ளும். நாய்க்கு உள்ள நோய் குரங்குக்கும் போகலாம். இரவில் சிதறிக் கிடக்கும் சோற்றுக்கும் தானியத்துக்கும் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போகும். மழைக்காலத்தில் வயலில் இறங்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

4. குரங்குக் கடியும் வெறிநோயும்

வெறிநோய் என்பது ரேபிஸ். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான் வருகிறது. ஆனால் குரங்கு, நரி, கீரி, பூனை ஆகியவற்றாலும் வரலாம். கடித்த குரங்குக்கு நோய் உண்டா இல்லையா என்று பார்த்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. நாயையும் பூனையையும் பத்து நாள் கவனித்துப் பார்க்கச் சொல்வோம். குரங்குக்கும் நரிக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. கடித்துவிட்டு மரத்துக்கு மரம் தாவிப்போன குரங்கை எங்கே போய்க் கவனிப்பது?

ஆகவே குரங்கு கடித்தாலும், நகம் கீறினாலும், நாய்க்கடி போலவே வைத்தியம் பார்க்க வேண்டும்.

நோயின் அறிகுறி தோன்ற பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு அதற்கு முன்பும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். "கடிச்சு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று நிம்மதி அடையக்கூடாது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. ஆனால் அறிகுறி வருமுன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பலாம். இந்த ஊசியின் வரலாறு நம் ஊருக்கு அயலான கதை அல்ல. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், பாரிஸ் நகரில், 1885-இல் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். அவர் பெயரால் 1907-இல் நம் பக்கத்து நீலகிரியில், குன்னூரில், ஒரு நிலையம் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளைத்தான் உலக வெறிநோய் தினமாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறோம்.

5. கடித்துவிட்டால் என்ன செய்வது?

அ) முதலில் கழுவுங்கள். கடிபட்ட இடத்தைக் குழாயிலோ, குவளையால் ஊற்றியோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். துணி துவைக்கும் சோப்பானாலும் பரவாயில்லை. பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். குழந்தை அழும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் கழுவுங்கள். புண்ணில் உள்ள கிருமியைக் குறைக்கும் முதல் மருந்து இதுதான்.

ஆ) மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், எண்ணெய், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். மந்திரித்துத்தான் ஆகவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், ஊசி போட்டுவிட்டு வந்து மந்திரித்துக்கொள்ளுங்கள்.

இ) அன்றைக்கே அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆழமான காயம், இரத்தம் வந்த காயம், முகத்திலோ தலையிலோ கையிலோ பட்ட காயம் என்றால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். புதுச்சேரி நகரில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன. இரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு, புண்ணுக்குள்ளேயே செலுத்தும் எதிர்ப்புச் சீரமும் தேவை. "தையல் போடுங்க டாக்டர்" என்று அவசரப்படுத்தாதீர்கள். போடலாமா, எப்போது போடலாம் என்பதை டாக்டர் முடிவு செய்வார். தசைவலிப்பு நோய் வராதிருக்கவும் ஊசி போடுவார்.

ஈ) ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தோலில் போடும் ஊசியானால் முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போட வேண்டும். உதாரணமாக, முதல் ஊசி மாதம் 1-ஆம் தேதி என்றால் அடுத்தவை 4, 8, 29 தேதிகளில் வரும். வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். நடவு வேலை, கல்யாணம், திருவிழா எது வந்தாலும் அந்தத் தேதி தப்பக்கூடாது. ஊசிச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

6. உங்கள் கேள்விகள்

கேள்வி: தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களாமே?

பதில்: அது அந்தக் காலம். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை 2005 முதல் நம் நாட்டில் பயன்படுத்துவதில்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சிறு குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். அந்தப் பயத்தால் இனி யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: என் மனைவி மூணு மாசம் கர்ப்பம். குரங்கு கீறிடுச்சு. ஊசி போட்டா கருவுக்கு ஆகாதுன்னு எங்க அம்மா தடுக்கறாங்க.

பதில்: தடுக்கக்கூடாது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும் இந்த ஊசியும் சீரமும் போடலாம். கருவுக்குக் கெடுதல் இல்லை, பாலுக்கும் கெடுதல் இல்லை. ஊசி போடாமல் இருப்பதுதான் தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அம்மாவையும் கூடவே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் வாயால் கேட்டால் அம்மாவுக்கும் தெளிவு வரும்.

கேள்வி: பையன் குரங்கு கடிச்சதை ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னான். இனிமே போட்டு என்ன பிரயோசனம்?

பதில்: பிரயோசனம் உண்டு. எத்தனை நாள் ஆகியிருந்தாலும் உடனே போய்ப் போடுங்கள். அதோடு ஒரு வார்த்தை. பிள்ளை ஏன் சொல்லவில்லை? அடி விழும் என்ற பயம். வெறிநோய் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "எது கடிச்சாலும் கீறினாலும் வந்து சொல்லு. அடிக்க மாட்டோம்" என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

கேள்வி: அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கக் கூடாதா?

பதில்: முன்னோர் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. பகலில், மதில் மேல், ஒரு பிடி வையுங்கள். காக்கை தின்னும்வரை நில்லுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு இடத்தைக் கழுவுங்கள். இரவில் எதையும் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: அணில் கடித்த பழம் இனிக்கும் என்கிறார்களே?

பதில்: இனிக்கலாம். ஆனால் கடித்தது அணிலா வவ்வாலா என்று யார் பார்த்தது? கேரளத்தில் நம் மாஹேவுக்குப் பக்கத்தில் உள்ள கோழிக்கோடு மாவட்டத்தில், 2018-இல் நிபா காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கிருமியைச் சுமப்பது பழந்தின்னி வவ்வால். எது கடித்த பழமானாலும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: குரங்கைப் பொறி வைத்துப் பிடித்துவிட்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கிறது. நீங்களாகப் பிடிப்பதும், விஷம் வைப்பதும், அடிப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும். தொல்லை அதிகமானால் கொம்யூன் பஞ்சாயத்து வழியாக வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள்.

7. அன்பை எப்படிக் காட்டுவது?

குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு ஓடிப்போய் மெதுவாகத் தின்னும். கொழுந்து, பழம், பூச்சி, விதை என்று நாள் முழுவதும் தேடித் தின்பதற்கென்றே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. நாம் கொடுக்கும் பிஸ்கட்டும் பொரித்த பண்டமும் அதற்கு ஆகாது. பாலித்தீன் பையோடு விழுங்கினால் குடல் அடைத்துச் சாகும். சாலை ஓரத்தில் தீனிக்குக் காத்திருந்து பஸ்ஸில் அடிபட்டுச் சாகும் குரங்கும் உண்டு. நம்மிடம் உள்ள காசநோயும் அதற்குத் தொற்றலாம். ஆகவே கொடுக்காமல் இருப்பது கல்நெஞ்சம் அல்ல. அதுவே அதற்குச் செய்யும் நன்மை.

கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யவேண்டியவை இவை:

• கையாலோ, தட்டிலோ, மதில் மேலோ குரங்குக்குத் தீனி வைக்காதீர்கள். ஒரு வீடு நிறுத்தினால் போதாது, தெருவே நிறுத்த வேண்டும். மகளிர் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.

• எச்சில் சோறு, காய்த் தோல், மீன் கழிவு இவற்றைக் குழியில் போட்டு மண் தள்ளி மூடுங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும்.

• நெல், கேழ்வரகு, கடலை இவற்றை மூடிய குதிரிலோ தகர டிரம்மிலோ வையுங்கள். வடகமும் வற்றலும் காயவைத்தால் ஆள் இருக்கட்டும்.

• பிள்ளை தின்பண்டத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து தின்னட்டும்.

• குரங்கு எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கல் எறியாதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். கையில் உள்ள பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். பை போனால் போகட்டும்.

• வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

புண்ணியம் தேட வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. ஏரிக்கரையில் ஒரு நாவல் கன்றோ, அத்திக் கன்றோ, ஆலங்கன்றோ நடுங்கள். பெற்ற பிள்ளையோடு அதையும் தண்ணீர் ஊற்றி வளருங்கள். அந்த மரம் பழுத்து, குருவியும் அணிலும் குரங்கும் ஊருக்கு வெளியே தாமாகத் தேடித் தின்னட்டும். அந்தத் தர்மத்தில் யாரும் கடிபட மாட்டார்கள்.

தூர இருந்து பார்ப்போம்! தீனி வைப்பதைத் தவிர்ப்போம்!
கடித்தால் கழுவுவோம்! அன்றே ஊசி போடுவோம்!